விஎம் ஓடுகிறதா, ஓடுவதாகச் சொல்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் சின்ன அலுவலகங்களில் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். ஐஸ் பிளான்ட், இறால் கம்பெனி, லாட்ஜ், டீசல் பங்க் எதுவானாலும் பின்னறையில் ஒரு டவர் சர்வர் இருக்கும். அதற்குள் மூன்றோ நான்கோ விஎம், அதாவது ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினி மாதிரி ஓடும் மெய்நிகர் கணினிகள். ஒன்றில் பில்லிங், ஒன்றில் பைல் சர்வர், ஒன்றில் கேமரா பதிவு. ஆடிட்டர் கேட்டால் மட்டும் திறக்கிற பழைய விண்டோஸ் ஒன்றும் எங்காவது தூங்கிக்கொண்டிருக்கும். இந்தக் குறிப்பு அப்படிப்பட்ட இடங்களுக்கானது. ஹோஸ்ட், அதாவது விஎம்களைத் தாங்கும் அந்த சர்வர், லினக்ஸ்; உள்ளே விஎம்களை ஓட்டுவது கேவிஎம், அதை ஆள்வது லிப்விர்ட், நிலையைக் கேட்பது விர்ஷ், மேலே கண்காணிக்க நாகியோஸ் அல்லது அதன் வழிவந்த ஏதாவது ஒன்று.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கீழே வரும் எல்சி_ஆல்=சி என்ற மொழி அமைப்பு மாறிக்கும், எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் +எல்1 என்பதன் எல்லுக்கும் மட்டும் பெரிய எழுத்து. ‘பில்லிங்’ என்று வரும் இடத்தில் உங்கள் விஎம்மின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் இரண்டு விஷயம். முதலாவது, ‘விர்ஷ் லிஸ்ட் --ஆல்’ காட்டும் நிலையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ரன்னிங், பாஸ்டு, ஷட் ஆஃப், கிராஷ்டு என்று ஒற்றைச் சொல்லில் அது முடித்துவிடும். ‘விர்ஷ் டொம்ஸ்டேட் பில்லிங் --ரீசன்’ என்று கேட்டால் அடைப்புக்குறிக்குள் காரணமும் வரும். பாதி வேலை அந்தக் காரணத்திலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, எந்த விஎம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். ஆடிட்டர் விண்டோஸ் அணைந்திருப்பதுதான் சரி. அதற்கும் சேர்த்துத் தினமும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஒரு வாரத்தில் யாரும் சிவப்பைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இருக்கிற நிலையும் இருக்க வேண்டிய நிலையும் வேறுபட்டால் மட்டும் அலாரம் அடிக்க வேண்டும். அணைந்திருக்க வேண்டியது ஓடினாலும் அடிக்க வேண்டும். யாரோ அதைத் திறந்துவிட்டு மூடாமல் போயிருப்பார்கள், அது பில்லிங்கின் மெமரியைத் தின்றுகொண்டிருக்கும்.

அறிகுறி: கரண்ட் போய் வந்தது, விஎம் எழவில்லை

கடற்கரைப் பக்கம் அதிகம் பார்ப்பது இதுதான். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். முதலில் ஹோஸ்ட் எழுந்ததா என்று பாருங்கள். அதுவே எழவில்லை என்றால் பயோஸில், கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆக வேண்டும் என்ற அமைப்பு அணைந்திருக்கும். மாற்றிவிட்டால் தீர்ந்தது.

ஹோஸ்ட் எழுந்திருக்கிறது, விஎம் மட்டும் ஷட் ஆஃப் என்றால் ‘விர்ஷ் டொம்இன்ஃபோ பில்லிங்’ போட்டு ஆட்டோஸ்டார்ட் என்ற வரியைப் பாருங்கள். டிசேபிள் என்று இருந்தால் ‘விர்ஷ் ஆட்டோஸ்டார்ட் பில்லிங்’. புதிதாக உருவாக்கிய விஎம்மில் இது அணைந்தேதான் இருக்கும். நாம் போட்டால்தான் உண்டு.

எனேபிள் என்று இருந்தும் எழவில்லையா? ‘விர்ஷ் ஸ்டார்ட் பில்லிங்’ என்று கையால் எழுப்பி, என்ன பிழை வருகிறது என்று படியுங்கள். டிஃபால்ட் என்ற நெட்வொர்க் ஆக்டிவாக இல்லை என்று வந்தால், விஎம்முக்குக் குறையில்லை, அது தொங்கிக்கொண்டிருக்கிற மெய்நிகர் வலைதான் எழவில்லை. ‘விர்ஷ் நெட்-லிஸ்ட் --ஆல்’ போட்டுப் பார்த்து, ‘விர்ஷ் நெட்-ஸ்டார்ட் டிஃபால்ட்’, அப்புறம் ‘விர்ஷ் நெட்-ஆட்டோஸ்டார்ட் டிஃபால்ட்’. டிஸ்க் கோப்பையே காணோம் என்று வந்தால், அந்தக் கோப்பு இருக்கும் இரண்டாவது டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை.

சரி, எழுப்பியாகிவிட்டது. ஆனால் எப்படி அணைந்தது என்பதையும் கேட்க வேண்டும். யூபிஎஸ் இருந்தும் ஹோஸ்ட் பொட்டென்று விழுந்திருந்தால், பேட்டரி தீரும்வரை ஹோஸ்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை என்று அர்த்தம். யூஎஸ்பி கேபிளை மாட்டி நட் என்ற மென்பொருளைப் போட்டால் ‘யூபிஎஸ்சி’ கட்டளையில் பேட்டரி அளவும் நிலையும் தெரியும். ஓபி என்று வந்தால் பேட்டரியில் ஓடுகிறது, எல்பி என்று வந்தால் தீரப் போகிறது.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பலர் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஹோஸ்ட் அணையும்போது விஎம்களை ஒழுங்காக அணைப்பது லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்ற சேவை. ஒரு விஎம் அணைய அது காத்திருக்கும் நேரம், லிப்விர்ட் தரும் இயல்பு மதிப்பின்படி 300 விநாடி. ஒன்றன்பின் ஒன்றாக அணைக்கிற அமைப்பில் மூன்று விஎம்மும் முரண்டு பிடித்தால் 15 நிமிடம் ஆகும். இந்த ஊர் வெக்கையில் பேட்டரிக்கு ஆயுசும் குறைவு. அட்டையில் அரை மணி நேரம் என்று போட்டிருக்கிற யூபிஎஸ், இரண்டு கோடை தாண்டினால் அதில் பாதி தாங்கினாலே பெரிய விஷயம். அதனால் காத்திருப்பு நேரத்தை 90 விநாடி போலக் குறைத்து, எல்லாம் ஒரே நேரத்தில் அணையும்படி பேரலல் ஷட்டவுனையும் போட்டு வையுங்கள். டெபியன், உபுண்டுவில் அந்தக் கோப்பு ‘/இடிசி/டிஃபால்ட்/லிப்விர்ட்-கெஸ்ட்ஸ்’.

ஐஸ் பிளான்டுகளில் இன்னொன்றும் உண்டு. பெரிய கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் வோல்டேஜ் இறங்கும். யூபிஎஸ் ‘டிக்’ என்று சத்தம் போட்டு பேட்டரிக்கு மாறித் திரும்பும். பேட்டரி தளர்ந்திருந்தால் அந்த ஒரு நொடியில் ஹோஸ்ட் ரீசெட் ஆகிவிடும். கரண்டே போகவில்லை, ஆனால் சர்வர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்று வந்தால் ‘லாஸ்ட் ரீபூட்’ காட்டும் நேரத்தைக் கம்ப்ரசர் போட்ட நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆப்பரேட்டரின் லாக் புத்தகத்தில் அது எழுதியிருக்கும்.

அறிகுறி: எல்லாம் பச்சை, ஆனால் பில் ஏறவில்லை

“அண்ணே, பில்லு ஏற மாட்டேங்குது. போட்டுக்காரங்க ஐஸுக்கு நிக்கிறாங்க. ஆனா அந்த டிவியில எல்லாம் பச்சையாத்தான் இருக்கு.” விடியற்காலையில் இப்படி ஒரு போன் வந்தால் நம்ப வேண்டியது கிளார்க் தம்பியை, கண்காணிப்புத் திரையாக மாட்டியிருக்கிற டிவியை இல்லை.

ரன்னிங் என்று ஹோஸ்ட் சொல்வதன் பொருள் ரொம்பச் சின்னது. அந்த விஎம்முக்கான க்யூஎமு என்ற ப்ராசஸ் உயிரோடு இருக்கிறது, அதன் சிபியுக்களை யாரும் நிறுத்தி வைக்கவில்லை, அவ்வளவுதான். உள்ளே ஆபரேட்டிங் சிஸ்டம் பூட் ஆனதா, டேட்டாபேஸ் எழுந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வாட்ச்மேனிடம் கேட்டால் வீட்டில் விளக்கு எரிகிறது என்பான். சமையல் ஆனதா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அதனால் வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். முதலில் பிங், அதாவது நெட்வொர்க் வழியாக விஎம் பதில் தருகிறதா என்று கேட்கும் கட்டளை. பதில் வந்தால் பூட் ஆகிவிட்டது, அடுத்த பகுதிக்குப் போங்கள். வராவிட்டால் ஐபி மாறியிருக்கிறதா என்று ‘விர்ஷ் டொம்இஃப்அட்ர் பில்லிங்’ போட்டுப் பாருங்கள்.

அதிலும் ஒன்றும் வரவில்லை என்றால் நேராகத் திரையையே பார்த்துவிடலாம். ‘விர்ஷ் ஸ்க்ரீன்ஷாட் பில்லிங் /டிஎம்பி/திரை’ என்று போட்டால் அந்த நொடியில் விஎம்மின் மானிட்டரில் இருப்பது படமாக வந்துவிடும். மானிட்டரே இல்லாத சர்வரில் இதைவிட உபயோகமான கட்டளை எனக்குத் தெரியாது. கரண்ட் போய் வந்த காலையில் எடுத்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் இருக்கும். கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று எழுதி, கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். அல்லது பராமரிப்பு முறைக்கு ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும். அல்லது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியே நின்றுபோய், கெர்னல் பேனிக் என்று வரிவரியாக ஓடி உறைந்திருக்கும். மூன்று நேரத்திலும் ஹோஸ்ட் ரன்னிங் என்றேதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

இனிட்ராம்எஃப்எஸ்ஸில் நின்றால் பைல் சிஸ்டம் அடிபட்டிருக்கிறது, கையால் சரிபார்க்கச் சொல்கிறது. எந்தப் பார்ட்டிஷன் என்று மேலே இரண்டு வரி தள்ளி எழுதியிருக்கும். அதற்கு ‘எஃப்எஸ்சிகே -ஒய்’ ஓட்டிவிட்டு ‘எக்ஸிட்’ அடித்தால் மேலே ஏறிவிடும். தட்டுவதற்கு ‘விர்ஷ் கன்சோல் பில்லிங்’, வெளியே வர கன்ட்ரோலோடு வலப்பக்கச் சதுர அடைப்பு. சீரியல் கன்சோலை முன்பே இயக்கி வைக்காத விஎம்மில் அது ஒன்றும் காட்டாமல் நிற்கும். அப்போது விஎம்மின் திரையை நெட்வொர்க் வழியாகக் காட்டும் விஎன்சியில்தான் போக வேண்டும். டேட்டா முக்கியமென்றால் எஃப்எஸ்சிகே ஓட்டும் முன் விஎம்மை அணைத்து டிஸ்க் கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கிறவர்கள் இன்னும் கால் மணி நேரம் நிற்கட்டும், அதுவரைக்கும் பில்லைக் கையால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

திரை உறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் நிச்சயமில்லை என்றால் ‘விர்ஷ் டொம்ஸ்டாட்ஸ் பில்லிங் --சிபியு-டோட்டல்’ என்று பத்து விநாடி இடைவெளியில் இரண்டு முறை கேளுங்கள். சிபியு டைம் நானோ விநாடியில் வரும். ஒரு சிபியு உள்ள விஎம்மில் அது பத்து விநாடிக்கு ஏறக்குறைய முழுப் பத்து விநாடியும் ஏறினால் உள்ளே ஏதோ வெறும் சுற்றாகச் சுற்றுகிறது. கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் செத்து நிற்கிறது. நடுவில் எங்காவது இருந்தால் உயிர் இருக்கிறது, கோளாறு நெட்வொர்க்கில்.

இது மறுபடி வராமல் இருக்க இரண்டு ஏற்பாடு. உள்ளேயிருந்து ஹோஸ்டுக்குப் பதில் சொல்லும் க்யூஎமு கெஸ்ட் ஏஜென்ட் என்ற சின்ன மென்பொருளை விஎம்மில் நிறுவி, கெஸ்ட்-பிங் என்ற கேள்வியை ஹோஸ்டிலிருந்து அனுப்பும் செக் (நாகியோஸ் அவ்வப்போது ஓட்டும் சோதனை) ஒன்று எழுதுங்கள். உள்ளேயிருந்து பதில் வந்தால்தான் பச்சை. இரண்டாவது, விஎம்முக்கு ஐ6300இஎஸ்பி என்ற மெய்நிகர் வாட்ச்டாக் சேர்த்து, ஆக்‌ஷன் ரீசெட் என்று வைத்து, உள்ளே சிஸ்டம்டியில் ரன்டைம் வாட்ச்டாகை இயக்குங்கள். உள்ளே உறைந்தால் அது தானே தட்டி எழுப்பும். பேனிக் ஆனதை ஹோஸ்ட் தெரிந்துகொள்ள பிவிபேனிக் என்ற கருவியையும் சேர்க்கலாம். அது இருந்தால்தான் கிராஷ்டு என்ற நிலையே உங்கள் கண்ணில் படும்.

இதற்கெல்லாம் மேலே, உண்மையான சேவையைக் கேட்கும் செக் ஒன்று கட்டாயம் வேண்டும். பில்லிங்கின் லாகின் பக்கம் திறக்கிறதா, டேட்டாபேஸ் ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் தருகிறதா? ஹோஸ்ட் சொல்வது, ஏஜென்ட் சொல்வது, சேவை சொல்வது என்று மூன்று வரியாகத் திரையில் வைத்தால், கோளாறு எந்தப் படியில் என்பது போன் பேசும்போதே தெரிந்துவிடும்.

அறிகுறி: பிங் வருகிறது, பக்கமும் திறக்கிறது, ஆனால் எதுவும் சேவ் ஆகவில்லை

மேலே சொன்னதன் தம்பிதான் இது, ஆனால் காரணம் வேறு. விஎம்முக்குள் ‘ஃபைண்ட்எம்என்டி /’ போட்டுப் பாருங்கள். ஆப்ஷன்களில் ஆர்டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஓ இருந்தால், பைல் சிஸ்டம் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படிக்க மட்டும் அனுமதிக்கிறது. டிஸ்கில் எழுதும்போது பிழை வந்தால் அப்படி மாறும்படி டெபியன், உபுண்டுவில் ரூட் பார்ட்டிஷனை அமைத்திருப்பார்கள்.

விஎம்மை ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும், ஒரு வாரத்துக்கு. பிழை எங்கிருந்து வந்தது என்று ஹோஸ்டில் ‘டிமெசேஜ்’ பாருங்கள், அதாவது டிஎம்இஎஸ்ஜி. ஏடிஏ என்று தொடங்கும் வரிகளில் பிழை குவிந்திருந்தால் ‘ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ போட்டு மூன்று எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 5 ரீஅலோகேட்டட் செக்டர், 197 பெண்டிங் செக்டர், 199 சிஆர்சி பிழை எண்ணிக்கை. முதல் இரண்டும் ஏறினால் டிஸ்க் போகிறது, இன்றே நகல் எடுங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு கேபிளிலோ கனெக்டரிலோ இருக்கிறது.

நம் பக்கத்தில் இந்த 199தான் அடிக்கடி ஏறும். உப்புக்காற்று கனெக்டரின் தொடுமுனையில் மெல்லிய பூச்சாகப் படிந்து, ஈரம் சேர்ந்ததும் வேலையைக் காட்டும். ஐஸ் பிளான்டாக இருந்தால் அம்மோனியாவும் சேர்கிறது, தாமிரத்தை அது சும்மா விடாது. சர்வரைத் திறந்து சாட்டா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உலோக முனை மங்கிப் போயோ, ஓரத்தில் பச்சை பூத்தோ இருக்கும். கேபிளை மாற்றுங்கள், அதைச் சுத்தம் செய்து திரும்பப் போட வேண்டாம். டிஸ்க் பக்க முனையை ஐசோபிரபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ரேமையும் ஒருமுறை கழற்றி அதே மாதிரி துடைத்து மாட்டுங்கள். ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுக் கடல் பக்க ஜன்னலைத் திறந்து வைக்கிற வழக்கம் இருந்தால், காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துச் செய்வதுதான் அது. அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

199 ஏறுவதில்தான் முதல் எச்சரிக்கை வரும். அந்த எண்ணை நாகியோஸில் வரைபடமாகப் போட்டு வையுங்கள். இது குறையாத எண், கேபிளை மாற்றினாலும் பழைய மதிப்பிலேயே நிற்கும். அதனால் அளவைப் பார்த்து அலாரம் வைக்காமல், நேற்றைக்கு இன்று கூடியிருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

அறிகுறி: பாஸ்டு என்று நிற்கிறது

காரணத்தைக் கேளுங்கள். யூசர் என்று வந்தால் யாரோ கையால் நிறுத்தியிருக்கிறார்கள். சேவிங், மைக்ரேஷன், ஸ்னாப்ஷாட் என்றால் ஏதோ வேலை நடக்கிறது, ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஐ/ஓ எரர் என்றால் பெரும்பாலும் ஹோஸ்டின் டிஸ்க் நிரம்பிவிட்டது. ‘விர்ஷ் டொம்பிஎல்கேஎரர் பில்லிங்’ போட்டால் எந்த டிஸ்க், நோ ஸ்பேஸா என்று சொல்லிவிடும்.

க்யூகவ்2 வகை டிஸ்க் கோப்பு, 200 ஜிபி என்று நாம் எழுதியிருந்தாலும், எழுத எழுதத்தான் வளரும். நான்கு விஎம்முக்கும் எழுதிக் கொடுத்ததைக் கூட்டினால் டிஸ்கின் அளவைத் தாண்டியிருக்கும், ஆரம்பத்தில் யாருக்கும் உறைக்காது. கேமரா பதிவும் அதே டிஸ்கில் என்றால் நிரம்பும் நாள் தூரமில்லை. இடம் இல்லாதபோது க்யூஎமு தன் இயல்பு அமைப்பில் விஎம்மைக் கொல்லாது, அப்படியே நிறுத்தி வைக்கும். நல்ல குணம்தான், எழுதிக்கொண்டிருந்த பில் கெடாது.

‘டிஎஃப் -ஹெச்’ பார்த்து இடம் விடுவியுங்கள். பழைய பேக்கப், பழைய ஐஎஸ்ஓ, பெருத்துப்போன லாக், இவையெல்லாம் போகலாம். டிஸ்க் கோப்புக்குப் பக்கத்தில் ஸ்னாப்ஷாட் பெயரோடு கிடக்கிற கோப்பைப் பழையது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். விஎம் இப்போது எழுதிக்கொண்டிருப்பதே அதில்தானோ என்னவோ. ‘விர்ஷ் டொம்பிஎல்கேலிஸ்ட் பில்லிங்’ எந்தக் கோப்பு பயனில் இருக்கிறது என்று காட்டும். அது சங்கிலியின் நுனி மட்டும்தான், அதற்கு ஆதாரமான கோப்புகளும் தேவை. அழித்தும் இடம் வரவில்லை என்றால் ஏதோ ப்ராசஸ் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ காட்டிக்கொடுக்கும்.

இடம் வந்ததும் ‘விர்ஷ் ரெஸ்யூம் பில்லிங்’. நின்ற இடத்திலிருந்து தொடரும். ரெஸ்யூம் ஆன பிறகு விஎம்மின் கடிகாரம் நின்ற நேரத்துக்குப் பின்தங்கி இருக்கும், அதைக் கீழே பார்ப்போம். டிஸ்கில் 80 சதவீதத்துக்கு மஞ்சள், 90க்குச் சிவப்பு என்று ஹோஸ்டிலும் செக் வையுங்கள். பலர் விஎம்முக்குள் மட்டும் வைத்திருக்கிறார்கள், உள்ளே பாதி காலியாகத்தான் தெரியும்.

அறிகுறி: யாரும் அணைக்கவில்லை, ஆனால் ஷட் ஆஃப், காரணம் கிராஷ்டு

ஹோஸ்டின் மெமரி தீர்ந்து, கெர்னல் பெரிய ப்ராசஸாகப் பார்த்துக் கொன்றிருக்கும். இங்கே பெரிய ப்ராசஸ் என்றால் விஎம்தான், அதிலும் பில்லிங்தான். ‘ஜர்னல்சிடிஎல் -கே’ வெளியீட்டில் அவுட் ஆஃப் மெமரி என்று தேடுங்கள். ‘/வார்/லாக்/லிப்விர்ட்/க்யூஎமு’ அடைவில் அந்த விஎம்மின் லாக் கடைசி வரியில் ரீசன் கிராஷ்டு என்று இருக்கும்.

ஆட்டோஸ்டார்ட் இதற்கு உதவாது, அது ஹோஸ்ட் எழும் நேரத்துக்கானது. விஎம்களுக்குக் கொடுத்த மெமரியைக் கூட்டி, ஹோஸ்டுக்கு 2 ஜிபியாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சவில்லை என்றால் கேமராவிடமிருந்து குறையுங்கள்.

அறிகுறி: பட்டியலே காலி, அல்லது எல்லாம் அன்நோன்

விஎம் எல்லாம் ஓடுகிறது, வேலையும் நடக்கிறது, கண்காணிப்பில் மட்டும் ஒன்றையும் காணோம். செக் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்று பாருங்கள். ரூட் இல்லாத பயனர் வெறும் ‘விர்ஷ் லிஸ்ட்’ போட்டால் அது தன் சொந்த செஷனைத்தான் பார்க்கும், அங்கே ஒரு விஎம்மும் இருக்காது. பிழைச் செய்தியும் வராது, காலிப் பட்டியல் மட்டும் வரும். அதைப் பார்த்து எல்லாம் நலம் என்று முடிவு செய்கிற ஸ்கிரிப்டும் உண்டு. ‘விர்ஷ் -ஆர் -சி க்யூஎமு:///சிஸ்டம் லிஸ்ட் --ஆல்’ என்று எழுதுங்கள். அந்த -ஆர் படிக்க மட்டும் அனுமதி தருகிறது, நிலையைக் கேட்க அது போதும். அவசரத்துக்கு நாகியோஸ் பயனரை லிப்விர்ட் குழுவில் சேர்த்துவிடாதீர்கள், அது ஏறக்குறைய ரூட் சாவியைக் கொடுப்பதுதான். கெஸ்ட்-பிங்குக்கு மட்டும் -ஆர் போதாது, அதற்குத் தனியாக, அந்தக் கட்டளைக்கு மட்டும் ரூட் அனுமதி தரும் ஒரு சூடோ விதி எழுதிக்கொள்ளலாம்.

ஸ்கிரிப்ட் ரன்னிங் என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கிற வகையா? ஹோஸ்டின் மொழி அமைப்பை யாராவது மாற்றினால் அந்தச் சொல்லும் மாறக்கூடும். தொடக்கத்தில் எல்சி_ஆல்=சி என்று போட்டுவிடுங்கள். இன்னும் நல்லது ‘விர்ஷ் டொம்ஸ்டாட்ஸ் --ஸ்டேட்’. அதில் எண்கள் வரும், மொழி மாறினாலும் மாறாது. 1 ஓடுகிறது, 3 நிறுத்தி வைத்திருக்கிறது, 5 அணைந்திருக்கிறது, 6 கிராஷ். ஸ்டேட் 3, ரீசன் 5 என்று சேர்ந்து வந்தால் மேலே பார்த்த ஐ/ஓ எரர்.

விர்ஷே பதில் சொல்லாமல் தொங்கினால் லிப்விர்ட் சேவை முடங்கியிருக்கிறது. புதிய வெளியீடுகளில் அதன் பெயர் விர்ட்க்யூஎமுடி. அதை ரீஸ்டார்ட் செய்யலாம், விஎம்கள் விழாது, அவை தனி ப்ராசஸ்கள். செக்கில் விர்ஷுக்கு முன்னால் ‘டைம்அவுட் 10’ என்று சேர்த்து வைத்தால் தொங்கிய செக்குகள் குவியாது.

அறிகுறி: சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை

கண்காணிப்பு சர்வர் மதுரையில், விஎம் தீவுக்குள் என்றால் முதல் சந்தேகம் நடுவில் இருக்கும் லைன்மேல்தான். ஒரே நேரத்தில் எல்லா விஎம்மும் சிவந்தால் லைன். ஒன்று மட்டும் சிவந்தால் விஎம். நாகியோஸில் ராவுட்டரைப் பேரன்ட் ஆக வையுங்கள். ராவுட்டர் எட்டாதபோது பின்னால் உள்ளவற்றை டவுன் என்று சொல்லாமல் அன்ரீச்சபிள் என்று சொல்லும், ராத்திரி ரெண்டு மணிக்கு வீணாக எழுப்பாது. மூன்று முறை தொடர்ந்து தோற்றால்தான் அலாரம் என்றும் வையுங்கள்.

இதைவிட நான் விரும்புவது தலைகீழ் ஏற்பாடு. ஹோஸ்டே தன் விஎம்களின் நிலையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே அனுப்பட்டும், 15 நிமிடம் தகவல் வராவிட்டால் மட்டும் மதுரை கத்தட்டும். பாஸிவ் செக், ஃப்ரெஷ்னெஸ் த்ரெஷோல்ட் என்று நாகியோஸில் தேடினால் கிடைக்கும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிற நாட்களில் லைன் எப்படியும் போகும், அப்போது ஹோஸ்ட் தன் லாகில் எழுதி வைத்தது மட்டும்தான் மிஞ்சும். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஷட்டவுன் கொடுத்தும் அணையவில்லை

உள்ளே இருப்பது விண்டோஸ் என்றால் அப்டேட் போட்டுக்கொண்டிருக்கிறதா என்று ஸ்க்ரீன்ஷாட் பாருங்கள், பொறுத்திருங்கள். இல்லையென்றால் ‘விர்ஷ் ஷட்டவுன் பில்லிங் --மோட் ஏஜென்ட்’. அதற்கும் மசியாவிட்டால் ‘விர்ஷ் டெஸ்ட்ராய் பில்லிங்’. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பிளக்கைப் பிடுங்குவதுதான் அது, டிஸ்க் அப்படியே இருக்கும். பயப்பட வேண்டியது விஎம்மின் வரையறையையே அழிக்கும் அன்டிஃபைனுக்கு.

அறிகுறி: பில்லில் நேரம் தப்பு

பாஸ்டு நிலையிலிருந்து ரெஸ்யூம் ஆன விஎம் என்றால் நின்ற நேரம் அப்படியே பின்தங்கியிருக்கும். நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி என்ற மென்பொருள் தன் இயல்பு அமைப்பில் முதல் சில அளவீடுகளுக்குப் பிறகு தாவாது, மெல்ல மெல்லத்தான் சரிசெய்யும். மூன்று மணி நேரப் பின்னடைவை அப்படிச் சரிக்கட்ட ஒரு நாளுக்கு மேலேயே ஆகும். உள்ளே போய் ‘க்ரோனிசி மேக்ஸ்டெப்’ அடியுங்கள். ஏஜென்ட் இருந்தால் ஹோஸ்டிலிருந்தே ‘விர்ஷ் டொம்டைம் பில்லிங் --நவ்’. அதற்கு முன் ஹோஸ்டின் நேரம் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ்டே பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. நீண்ட மின்வெட்டு முடிந்து இன்டர்நெட் இன்னும் வராத நேரத்தில்தான் இது தெரியும். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று எல்லா இணைப்பும் மறுக்கும், கண்காணிப்பும் சிவக்கும், விஎம்மில் ஒரு குறையும் இருக்காது. பெட்டிக்கடையில்கூட அந்த பேட்டரி கிடைக்கும்.

கன்டெய்னர் வைத்திருப்பவர்களுக்கு

விஎம்முக்குப் பதில் எல்எக்ஸ்சி என்ற கன்டெய்னர் மென்பொருள் என்றால் ‘எல்எக்ஸ்சி-எல்எஸ் --ஃபேன்ஸி’ நிலையோடு ஆட்டோஸ்டார்ட் உண்டா என்பதையும் காட்டும். ஃப்ரோசன் என்றால் ‘எல்எக்ஸ்சி-அன்ஃப்ரீஸ்’. ரன்னிங்கை இங்கேயும் நம்ப வேண்டாம். ‘எல்எக்ஸ்சி-அட்டாச்’ வழியாக உள்ளே ‘சிஸ்டம்சிடிஎல் இஸ்-சிஸ்டம்-ரன்னிங்’ கேளுங்கள். டிகிரேடட் என்று வந்தால் ஏதோ ஒரு சேவை விழுந்திருக்கிறது, ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்’ பெயரைச் சொல்லும்.

எப்போது சோதித்துப் பார்ப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், ஐஸ் பிளான்டும் இறால் கம்பெனியும் மந்தமாக ஓடும். இதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. பேக்கப் எடுத்துவிட்டு யூபிஎஸ்ஸின் உள்வரும் மெயின் பிளக்கைப் பிடுங்குங்கள். பேட்டரி தீர எவ்வளவு நேரம், அதற்குள் எல்லா விஎம்மும் ஒழுங்காக அணைந்ததா, திரும்பப் போட்டால் கை படாமல் எல்லாம் எழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பில்லிங்கை ‘விர்ஷ் சஸ்பெண்ட்’ போட்டு நிறுத்திவிட்டு, அலாரம் போனுக்கு வரும்வரை காத்திருங்கள். பத்து நிமிடம் தாண்டியும் வரவில்லை என்றால் செக் இடைவெளியையும், எந்த நம்பருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். வேலையை விட்டுப்போன ஆளின் நம்பருக்கு அலாரம் போய்க்கொண்டிருக்கிற இடங்கள் நிறைய.